உறைந்த ஏரிக்குள் இறக்கும் கேமரா: கையடக்கமா, பெரிய திரையா, மலிவு வகையா, லைவ் சோனாரா?

ஜனவரிக் கடைசி. சிம்கோ ஏரியின் குக்ஸ் விரிகுடாவில் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரமாகக் கோலின் நுனி அசையவில்லை. கீழே மீனே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் பல குளிர்காலங்களை ஓட்டினேன். முதல்முறை கேமராவை இறக்கிப் பார்த்த அன்று அந்த நினைப்பு போய்விட்டது. நாலைந்து மஞ்சள் பெர்ச் மீன்கள் என் ஜிக்கை, அதாவது மேலும் கீழும் ஆட்டிப் பிடிக்கும் எடைவைத்த தூண்டிலை, சுற்றி நின்றன. ஒன்று முன்னால் வந்து இரையை வாய்க்குள் உறிஞ்சியது. அடுத்த நொடியே துப்பிவிட்டது. மேலே கோலின் நுனியில் ஒரு நடுக்கம்கூட இல்லை. குளிர்ந்த தண்ணீரில் பெர்ச் பெரும்பாலும் இப்படித்தான் தின்னும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு கோலைப் பிடிக்கும் விதமே மாறிவிடும்.

டொரண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஏரி என்பதால், தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில இப்போது குளிர்காலத்தில் அங்கே வருகின்றன. வருகிறவர்கள் பனிக்கட்டியில் துளை போடும் ஆகர் வாங்கியாகிவிட்டது, கூடாரம் வாங்கியாகிவிட்டது, அடுத்து எந்தக் கேமரா என்று கேட்கிறார்கள். கடையில் பெட்டியின் மேல் 'எச்டி' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். நீங்கள் போகும் ஏரியின் தண்ணீர் எவ்வளவு தெளிவு, எவ்வளவு ஆழம், ஒரே இடத்தில் உட்காருவீர்களா நடந்துகொண்டே இருப்பீர்களா, இந்த மூன்றும் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

தண்ணீர்தான் முதலில்

சிம்கோவில் 1990களில் ஜீப்ரா மஸல் என்னும் சிறு சிப்பி பரவியது. ஏரிக்கு அது பெரிய கேடு. ஆனால் அது தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர் என்பதால் ஏரி தெளிந்துவிட்டது. மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியிலும் இதே கதைதான். இப்படிப்பட்ட தண்ணீரில் சுமாரான கேமராகூட நல்ல படம் காட்டும். தூண்டில் நிற்கும் இடத்தைத் தாண்டிப் பல அடி தூரத்துக்குத் தரை, பாசி, வந்து போகும் மீன் எல்லாம் தெரியும்.

கனடா-அமெரிக்க எல்லையில் இருக்கும் லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரி அப்படியல்ல. சுற்றியுள்ள சதுப்பு நிலங்களிலிருந்து வடியும் நீர் அதைத் தேநீர் நிறத்தில் வைத்திருக்கிறது. அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் கொஞ்ச தூரத்துக்கு மேல் பார்க்காது. லென்ஸின் குறை அல்ல அது, தண்ணீரின் குணம்.

விளக்கு இருக்கிறதே என்பார்கள். கேமராவின் விளக்குகள் இரண்டு வகை: வெள்ளை எல்இடி, அகச்சிவப்பு எல்இடி. வெள்ளை விளக்கைக் கலங்கல் தண்ணீரில் போட்டால், பனிமூட்டத்தில் காரின் ஹெட்லைட்டை ஹை பீமில் வைத்தது போலத்தான்; மிதக்கும் துகள்களில் பட்டு ஒளி லென்ஸுக்கே திரும்பிவரும், திரை வெளுத்துப்போகும். அகச்சிவப்பு ஒளி மீனின் கண்ணை உறுத்தாது, அது நல்லது. ஆனால் தண்ணீர் அதை வேகமாக விழுங்கிவிடும். ஒரு மீட்டரைத் தாண்டித் தெரிவது அரிது, படமும் கருப்பு வெள்ளையில்தான் இருக்கும். ஆகவே 'இருபது விளக்கு', 'முப்பது விளக்கு' என்று எண்ணிக்கை சொல்லி விற்பதை நான் பொருட்படுத்துவதில்லை. விளக்கை அணைக்கவும் மங்கவைக்கவும் முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். பகலில், தெளிந்த நீரில், துளையைச் சுற்றியுள்ள பனியைக் கொஞ்சம் விலக்கிவிட்டாலே போதிய வெளிச்சம் இறங்கும், விளக்கே தேவைப்படாது.

கையடக்கக் கேமரா

அக்வா-வூ நிறுவனத்தின் மைக்ரோ வரிசையும் மார்கம் நிறுவனத்தின் ரீகான் வரிசையும் இந்த வகையில் நேருக்கு நேர் போட்டி. இரண்டுமே மினசோட்டாவில் பிறந்தவை. ஐந்து அங்குலத் திரை, உள்ளேயே பேட்டரி, கட்டைவிரல் பருமனில் கேமரா. கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

பெர்ச் பிடிக்க இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. பெர்ச் கூட்டம் ஓரிடத்தில் நிற்காது. காலையில் இருபது துளை போட்டுவிட்டு, துளைக்குத் துளை கேமராவை இறக்கிப் பார்த்து, மீன் நிற்கும் துளையில் மட்டும் தூண்டில் போடுவதுதான் என் வழக்கம். ஒரு துளைக்கு ஒரு நிமிடம் போதும். தரையில் பச்சைப் பாசி விரித்திருக்கிறதா, வெறும் மணலா, சிப்பி மூடிய கல்லா என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய திரை வைத்த கேமராவைப் பையோடு தூக்கிக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மூன்றாவது துளையிலேயே சலித்துவிடும்.

இந்த வகையில் ஒன்றை மட்டும் தேர்வுசெய்யச் சொன்னால், கேபிளைச் சுற்றிவைக்கும் உருளை திரையோடு சேர்ந்தே இருக்கும் மாடலைத்தான் சொல்வேன். அக்வா-வூ மைக்ரோ ரெவல்யூஷன் அப்படிப்பட்டது. இது சின்ன வசதி போலத் தோன்றும். ஆனால் மைனஸ் பதினைந்து டிகிரியில், நீரிலிருந்து வெளியே வந்ததும் உறையத் தொடங்கும் கேபிளைக் கையுறையைக் கழற்றிவிட்டுச் சுருட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

குறையும் உண்டு. கேமரா எடை குறைவு என்பதால் தண்ணீரில் சுழலும், ஆடும். கூட வரும் துடுப்பையும் எடையையும் மாட்டினால் ஓரளவு நிற்கும். வெயிலில், சுற்றிலும் பனி பளீரென்று எதிரொளிக்கும்போது ஐந்து அங்குலத் திரையைக் கண்ணருகே கொண்டுவந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

பெரிய திரை

அக்வா-வூவின் எச்டி10ஐ, மார்கமின் குவெஸ்ட் எச்டி, பழைய விஎஸ்485சி ஆகியவை இந்தப் பக்கம். ஏழு முதல் பத்து அங்குலத் திரை, கனமான கேமரா, தோளில் மாட்டும் பை. கூடாரத்துக்குள் ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கு இதுதான். கேமரா கனமாக இருப்பதால் இறக்கிய இடத்தில் அசையாமல் நிற்கும். எச்டி10ஐ போன்றவற்றில் கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் திரையிலேயே தெரியும். பக்கவாட்டில் பார்க்கும்போது திசை தெரிவது பெரிய உதவி. இல்லாவிட்டால் தூண்டிலைத் தேடிக் கேபிளைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதை வாங்குங்கள். கோலைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை பத்து நிமிடம் உட்காராது. திரையில் மீன் வந்துபோகிறது என்றால் அரைநாள் உட்காரும்.

இணையத்தில் கிடைக்கும் மலிவு வகை

இயோயோ போன்ற பெயர்களில் சுமார் இருநூறு டாலர் அளவில் கிடைப்பவை. ஏழு அங்குலத் திரை, பதினைந்தோ முப்பதோ மீட்டர் கேபிள், பன்னிரண்டு அகச்சிவப்பு விளக்கு என்று அந்த விலைக்கு நிறையவே தருகிறார்கள். விளம்பரத்தில் '1000 டிவிஎல்' என்ற எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அது பழைய அனலாக் வீடியோவின் அளவு; எச்டி அல்ல. திரைகளும் பல 800×480 புள்ளிகள்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், இதனால் மட்டும் இந்த வகையைத் தள்ள மாட்டேன். ஒன்றரை மீட்டர் தூரத்தில் பெர்ச் வாயைத் திறக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்தத் தெளிவு போதும்.

நான் தயங்குவது கேபிளுக்காக. என் முதல் கேமரா இந்த விலையில் வாங்கியது. இரண்டாவது குளிர்காலத்திலேயே கேபிள் உறை கம்பி போல விறைத்து, கேமரா நுழையும் இடத்தில் வெடித்து, உள்ளே தண்ணீர் போய்விட்டது. மாற்றுக் கேபிளும் கிடைக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் போவேன் என்பவர் இதை வாங்கலாம், தவறில்லை. வாரம்தோறும் போகிறவர், உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் கிடைக்கும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதே மிச்சம்.

போனில் வைஃபை வழியாகப் பார்க்கும் கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரேடியோ அலை தண்ணீரைக் கடக்காது என்பதால் அங்கேயும் கேபிள் வேண்டும். கூடவே குளிரில் போன் பேட்டரி விழுந்துவிடும். அவசரத்துக்குத் தேவைப்படும் போனை மீன் பார்ப்பதற்குத் தீர்த்துவிடக் கூடாது.

லைவ் சோனார்

லைவ் சோனார் என்பது தண்ணீருக்குள் நகரும் மீனை அப்போதைக்கப்போதே திரையில் காட்டும் கருவி. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்தபிறகு பலர் கேமராவே தேவையில்லை என்கிறார்கள். ஒலி அலையால் பார்ப்பதால் அதற்குக் கலங்கல் ஒரு பொருட்டே அல்ல. சுற்றிலும் பல மீட்டர் தூரத்தில் நிற்கும் மீனைத் தேடிப் பிடித்துக் காட்டும். தேநீர் நிறத் தண்ணீரில் வால்ஐ மீன் பிடிக்கிறவர் கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்துவைத்து இதை வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். திரை, பேட்டரி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஆனால் அதில் தெரிவது மீனின் முகம் அல்ல, நகரும் ஒரு புள்ளி. அது பெர்ச்சா, சிறு வொயிட்ஃபிஷ்ஷா, இரையை உறிஞ்சியதா, முகர்ந்துவிட்டுத் திரும்பியதா என்று தெரியாது. மீன் எங்கே என்பதற்குச் சோனார். மீன் என்ன செய்கிறது என்பதற்குக் கேமரா. வெக்சிலார் போன்ற சாதாரண ஃப்ளாஷர், அதாவது துளைக்கு நேர்கீழே மீன் இருப்பதை ஒளிக்கோடாகக் காட்டும் எளிய சோனார், ஒன்றும் கையடக்கக் கேமரா ஒன்றும் சேர்த்து வைத்திருப்பவருக்குச் சிம்கோவில் குறைவே இல்லை என்பது என் எண்ணம். அந்த இரண்டும் சேர்ந்தாலும் லைவ்ஸ்கோப் விலை வராது.

கேபிள் நீளம், பார்க்கும் கோணம், பேட்டரி

பெர்ச் மட்டும் போதும் என்றால் பதினைந்து மீட்டர் கேபிள் சரி. வொயிட்ஃபிஷ், லேக் ட்ரவுட் என்று போனால் இருபது, முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். பேரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில் ஏரியின் ஆழம் 41 மீட்டர் வரை போகிறது. வாங்கியபிறகு கேபிளை நீட்ட முடியாத மாடல்களே அதிகம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கோணத்தைப் பொறுத்தவரை எல்லாக் கேமராவையும் நேர்கீழாகப் பார்க்கும்படியும் பக்கவாட்டில் பார்க்கும்படியும் மாட்டலாம். கீழ்நோக்கி என்றால் ஒரே துளை போதும். ஆனால் மீன் மாட்டியதும் கேபிளைச் சுற்றிக்கொள்ளும் ஆபத்து அதிகம். ட்ரவுட் மாதிரி பெரிய மீன் என்றால் முதலில் கேமராவைத்தான் மேலே இழுக்க வேண்டும். நான் ஒரு மீட்டர், ஒன்றே கால் மீட்டர் தள்ளி இரண்டாவது துளை போட்டு, வெயில் கேமராவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பக்கவாட்டில் பார்க்கிறேன். மீனின் வாயும் தூண்டில் முள்ளும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பேட்டரியில் ஒரு எச்சரிக்கை. ஏரித் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் பனிக்கட்டிக்கு அடியில் பூஜ்யம் முதல் நான்கு டிகிரிதான். கேமரா அங்கே சுகமாக இருக்கும். மேலே காற்றில் இருக்கும் திரையும் பேட்டரியும்தான் பாடுபடும். பழைய ஈய-அமில பேட்டரி குளிரில் சக்தியை வெகுவாக இழக்கும், தூக்கவும் கனம். லித்தியம் மேல். ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் உடனே சார்ஜரில் போடாமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். அப்படியே கேபிளையும் துடைத்து நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் வேறு ஏரிக்கு எடுத்துப்போக வேண்டும். ஒரு ஏரியின் வேண்டாத உயிர்கள் இன்னொன்றுக்குப் போவது இப்படித்தான்.

நான் எதை வைத்திருக்கிறேன்

ஐந்து அங்குலத் திரை, உருளையோடு சேர்ந்த கேபிள். சிம்கோ போன்ற தெளிந்த ஏரிக்கும் நடந்து நடந்து பிடிக்கும் என் பழக்கத்துக்கும் இதுதான் பொருந்துகிறது. இதை இன்னும் உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பெர்ச் மிதக்க உதவும் காற்றுப்பை வாயோடு இணைப்பு இல்லாத மூடிய பை. ட்ரவுட்டைப் போல அதனால் காற்றை வாய்வழியே வெளியேற்ற முடியாது. பத்து பன்னிரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்தால் பை ஊதிப்போய், வயிறு வாய்க்குள் பிதுங்கிய நிலையில் வந்துசேரும். சின்ன மீன் என்று திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. கேமரா இல்லாத காலத்தில் எத்தனை சிறு பெர்ச்சை அப்படி மேலே இழுத்தேன் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போது ஆழமான துளையில் திரையைப் பார்க்கிறேன். விரல் நீளக் குஞ்சுகள் மட்டும் நின்றால், தூண்டிலைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. கேபிளைச் சுற்றிக்கொண்டு அடுத்த துளைக்கு நடந்துவிடுகிறேன்.