ப்ரோட்டோடைப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குச் சில்லறை மளிகைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போட ஒரு ஆப் செய்கிறோம். நானும் நண்பரும் மட்டும்தான். ஆப்புக்கான புரோகிராம் எழுதும் முன் ப்ரோட்டோடைப்பை, அதாவது தட்டினால் நகரும் மாதிரி ஸ்கிரீன்களை, கடைக்காரர்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு டிசைன் நிறுவனத்தைப் பிடித்தோம். பேசிய தொகை 1,80,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். எட்டுக் கடைக்காரர்களிடம் சோதித்து அறிக்கை தருவதும் அதில் சேர்த்தி.

ஆறு வாரத்தில் ஃபிக்மா (ஸ்கிரீன்களை வரையும் ஆன்லைன் மென்பொருள்) லிங்க் வந்தது. 42 ஸ்கிரீன், பார்க்க அவ்வளவு அழகு. மீதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

மறுநாள் போனில் தட்டிப் பார்த்தேன். துவரம் பருப்பு ஒரு கிலோ, கூடை, பணம் கட்டு என்று ஒரே ஒரு வழிதான் நகர்ந்தது. அளவை மாற்ற முடியவில்லை. மொத்தக் கடையில் யார் ஒரு கிலோ கேட்பார்கள்? அரிசி என்றால் சிப்பம், சர்க்கரை என்றால் மூட்டை, எண்ணெய் என்றால் டின். தமிழுக்கு மாற்றினால் ‘உறுதிப்படுத்து’ பொத்தானுக்குள் அடங்காமல் ‘உறுதிப்படு’ என்று வெட்டுப்பட்டு நின்றது. டெலிவரி வரைபடத்தில் சிகாகோ தெருக்கள்! அதைப் பிடித்துத் தேடியபோது டிசைனர்கள் ஃபைல்களைப் பகிரும் ஃபிக்மா கம்யூனிட்டியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு உணவு டெலிவரி கிட் (தயார் ஸ்கிரீன்களின் தொகுப்பு) அப்படியே கிடைத்தது. நிறம் மட்டும்தான் வேறு. இலவசக் கிட்டை எடுத்தாள்வது குற்றமில்லை. முழுக்கப் புதிதாக வரைந்தது என்று பில் போட்டதுதான் மோசடி.

அதைவிட மனசு ஆறாதது அந்தச் சோதனை அறிக்கை. எட்டுப் பேரும் ‘எளிதாக இருக்கிறது’ என்கிறார்கள், ஒருவர்கூட எங்கும் திணறவில்லை. ஐந்து பேரிடம் காட்டினாலே குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். எட்டுப் பேரிடம் ஒரு குறைகூட வரவில்லை என்றால் எப்படி நம்புவது? ரெக்கார்டிங் கேட்டோம். கடைப் பெயராவது சொல்லுங்கள் என்றோம். இன்றுவரை பதில் இல்லை.

சரி, ஃபைலையாவது வாங்கித் திருத்தலாம் என்றால், எங்களுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி, நகலெடுக்க முடியாது. திருத்தக்கூடிய சோர்ஸ் ஃபைலுக்குத் தனியாக 40,000 கேட்டார்கள். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சை நம்பியது எங்கள் தவறு.

அப்புறம் நாங்களே வெள்ளைத் தாளில் பேனாவால் ஸ்கிரீன்களை வரைந்து ஐந்து கடை ஏறினோம். செல்லூரில் ஒரு அண்ணாச்சி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார். “போன வாரம் போட்ட சீட்டு எங்க தம்பி? அதையே திரும்பப் போட்டா போதுமே, ரெண்டு அயிட்டம்தான் மாறும்” என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் நாங்கள் அவ்வளவு பணம் கொடுத்திருந்தோம்.

இப்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா? ஃபைல் முதல் நாளிலிருந்தே உங்கள் ஃபிக்மா கணக்கில் இருக்கட்டும். உரிமை உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள். சோதனை நடக்கும்போது நீங்களும் கடையில் பக்கத்தில் நில்லுங்கள். கடைசித் தவணையை, ப்ரோட்டோடைப்பை உங்கள் போனில் எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.