ஆர்.சி. பள்ளியா, கான்வென்ட் மெட்ரிக்கா? ஒரு தூத்துக்குடி அம்மாவின் அலசல்

தூத்துக்குடியில் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கினாலே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பங்குக் கோயிலை ஒட்டி இருக்கிற ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில் சேர்ப்பதா, சிஸ்டர்மார் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் சேர்ப்பதா? இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிதான். முதலாவது அரசு உதவிபெறுவது, தமிழ் வழி, ஒன்றிலிருந்து ஐந்து வரை மட்டும், பங்குத்தந்தைதான் தாளாளர். இரண்டாவது சுயநிதி, ஆங்கில வழி, எல்.கே.ஜி.யில் நுழைந்தால் பிளஸ் டூ முடித்துத்தான் வெளியே வர வேண்டும். எங்கள் மகளை முதலாவதில் சேர்த்தோம், இப்போது ஐந்தாம் வகுப்பு. அண்ணன் மகன் இரண்டாவதில் நான்காம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வீடும் ஒரே தெரு, சாயங்காலம் பிள்ளைகள் இரண்டும் ஒரே வாசலில்தான் கிடக்கும். அதனால் அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது, இந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்கு அன்றன்றைக்கே வந்துவிடும். நான் ஆர்.சி. பள்ளிப் பக்கம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிப்பைப் பற்றி எழுத வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் சேர்ந்து வாழ்கிற வாழ்க்கை, விழா, விளையாட்டு, பொறுப்பு, இவற்றைப் பற்றித்தான். சேர்க்கை நேரத்தில் இதை யாருமே கேட்பதில்லை.

எல்லோரும் கேட்பதை வேகமாகத் தாண்டிவிடலாம். கட்டணம்: ஆர்.சி.யில் பாடநூல், சீருடை, மதியச் சாப்பாடு, முட்டை எல்லாம் இலவசம், மெட்ரிக்கில் கட்டணத்தோடு வேன் காசும் சேரும். ஆங்கிலம்: மெட்ரிக் பிள்ளை கூச்சமில்லாமல் பேசுகிறான், என் மகள் யோசித்துப் பேசுகிறாள், இதில் சண்டை போட ஒன்றுமில்லை. தமிழ் வழிக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கெல்லாம் நாங்கள் போடவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் மெட்ரிக்கில் சும்மா சேர்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்த வழி இங்கே கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் இரண்டு பள்ளிக்கும் ஒரே நாட்காட்டிதான். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாளில் கல்வி வளர்ச்சி நாள். ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஆகஸ்ட் 15 அன்று கத்தோலிக்கப் பள்ளிகளில் மட்டும் இரட்டை விழா, கொடியேற்றி மிட்டாய் வாங்கின கையோடு மாதா விண்ணேற்புத் திருப்பலி. அக்டோபர் செபமாலை மாதம், அதே மாதத்தில் மறைபரப்பு ஞாயிறுக்குக் காணிக்கை, நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில், பொங்கலுக்குப் பானை, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் சேமிப்பு உண்டியல், கடைசியில் ஆண்டுவிழா. இரண்டு வீட்டு டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. இதையெல்லாம் அங்கே யார் செய்கிறார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரே விஷயம்தான். ஆர்.சி. பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதனால் அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதான் பெரிய ஆள். மணி அடிப்பது, காலை வழிபாட்டில் செபம் சொல்வது, திருக்குறளும் செய்தியும் வாசிப்பது, கொடிக்கயிற்றில் பூ வைத்துக் கட்டுவது, ஒன்றாம் வகுப்புக் குட்டிகளைக் கையைப் பிடித்து வரிசையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போவது, சாப்பாட்டு நேரத்தில் தட்டு கழுவும் இடத்தில் தண்ணீர் சிந்தாமல் பார்ப்பது, எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளின் வேலை. வேறு ஆளே கிடையாது. டீச்சர்கள் மூன்று நான்கு பேர், ஆயா ஒருவர். பிள்ளைகள் செய்யாவிட்டால் வேலை நடக்காது.

மெட்ரிக்கில் அதே வயதுப் பிள்ளை, ஆயிரம் பேருக்கு மேல் படிக்கிற வளாகத்தில் ‘பிரைமரி குட்டி’. மைக் பிடிக்கிறது பதினொன்றாம் வகுப்பு அக்கா. கொடி ஏற்ற உதவுகிறது சாரணர் அணி அண்ணன். அணிவகுப்பில் நடப்பது ஒன்பதாம் வகுப்பு. அண்ணன் மகன் பள்ளியில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு ஹவுஸ் உண்டு, அவன் மஞ்சள், ஆனால் மஞ்சளுக்காக அவன் இதுவரை செய்தது கேலரியில் உட்கார்ந்து கைதட்டியதுதான். அதை அவன் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னான், அவன் ஹவுஸ் கோப்பை வாங்கியிருந்தது. பெரியவர்கள் நன்றாகச் செய்வதைப் பார்த்து வளர்வதும் ஒரு படிப்பு என்று மதினி சொல்வார். இருக்கலாம். ஆனால் ஐந்து வருஷம் முழுக்கப் பார்வையாளராகவே இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அந்தப் பள்ளி மோசம் என்று நான் சொல்லவில்லை. தொடக்க வகுப்புகள் பெரிய பள்ளியின் அடிவாரத்தில் இருந்தால் எங்கேயும் இப்படித்தான் ஆகும், எந்த மதத்தார் நடத்தினாலும்.

ஆண்டுவிழாவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஆர்.சி. பள்ளியில் மொத்தமே நூற்றுச்சொச்சம் பிள்ளைகள். எட்டு நிகழ்ச்சி போட வேண்டுமென்றால் எல்லோரும் மேடை ஏறியே ஆக வேண்டும், திக்கிப் பேசுகிறவன் உட்பட. ஆட வராதவள் மரமாக நிற்பாள், இடையனாக வருகிறவன் பாதியில் அம்மாவைத் தேடுவான், வரவேற்பு நடனத்தில் இடது கை வலது கை ஆளுக்கொரு பக்கம் போகும். உடை? டீச்சர் பழைய சேலை, வீட்டிலிருந்து ஒரு துண்டு, கிரேப் காகிதம். மெட்ரிக்கில் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள், ஒரு வகுப்பில் நான்கு பிரிவு என்றால் வேறு என்ன செய்ய முடியும். வெளியிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வருகிறார், வாடகை உடைக்கு வீட்டில் பணம் கேட்கிறார்கள், நிகழ்ச்சி என்னவோ கண்ணைப் பறிக்கிறது. ஆனால் எல்.கே.ஜி.யில் தேர்வான பிள்ளைகளே அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் ஆடுகிறார்கள். தேர்வாகாதது தன்னை ஆடத் தெரியாத பிள்ளை என்று முடிவுகட்டிவிடுகிறது. இது ஏழு வயதில் எடுக்க வேண்டிய முடிவா?

விளையாட்டு விழாவும் அப்படியே. இங்கே தவளை ஓட்டம், சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சை, பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். பெற்றோருக்கும் ஒரு பானை உடைத்தல் உண்டு, சங்குகுளி, உப்பளம், துறைமுகம் என்று எங்கே வேலை பார்க்கிறவர்களும் அன்று மதியம் வந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடிமரத்தை அடித்த கதை இன்னும் பள்ளியில் ஓடுகிறது.

சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளிகளில்தான் வந்தது. கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-இல் வந்தது, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் தொடங்கினார்கள். நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26-இல், மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். இரண்டுமே நம்ம ஆர்.சி. பள்ளிகள். இது வந்த பிறகு பிள்ளைகள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வந்து, வரிசையாக உட்கார்ந்து, பொங்கலோ உப்புமாவோ ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள். வீட்டில் சாப்பிட வைக்க நான் படாத பாடு படுகிற மகள் அங்கே தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள் என்று சத்துணவு அக்கா சொல்கிறார். மெட்ரிக்கில் டிபன் பாக்ஸ். யார் வீட்டில் என்ன கட்டிக்கொடுத்தார்கள் என்பது மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடுகிற இடம் அது.

இன்னொன்று, ஆர்.சி. பள்ளியில் பள்ளித் தோழி, தெருத் தோழி, ஞாயிறு மறைக்கல்வித் தோழி மூன்றும் ஒரே ஆள். புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை) வாங்கின அன்று வெள்ளை உடையில் மகளோடு நின்ற வரிசையில் பாதிப் பேர் அவள் வகுப்புத்தான். அண்ணன் மகனுக்குப் பள்ளித் தோழர்கள் வேன் போகிற திசையெல்லாம் சிதறிக் கிடக்கிறார்கள், புதுநன்மை வகுப்பில் அவனுக்குத் தெரிந்த முகமே குறைவு, முதல் சில வாரம் போகமாட்டேன் என்று அடம். சரி, இதில் கெட்டதும் உண்டு. தெருவில் போட்ட சண்டை மறுநாள் வகுப்புக்குள் வரும், வகுப்பில் நடந்தது, பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் பெரியவர்கள் வாயில் வரும். எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்பது டீச்சருக்கும் தெரியும், பங்குத்தந்தைக்கும் தெரியும். கொஞ்சம் தனியாக இருக்க விரும்புகிற குடும்பத்துக்கு இது மூச்சுமுட்டும்.

இந்து, முஸ்லிம் நண்பர்கள் கேட்கிறார்கள்: எங்கள் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? மகள் வகுப்பில் பாதிக்குப் பாதி பிற மதத்துப் பிள்ளைகள்தான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும்போது மற்றவர்களுக்குப் பக்கத்து அறையில் நன்னெறி வகுப்பு, கதையும் பாட்டும். அரசு பணம் வாங்குகிற பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் மத போதனையில் பிள்ளையை உட்கார வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவே சொல்கிறது. ஆனாலும் நடைமுறையில் குடில் கட்ட எல்லாப் பிள்ளைகளும் வைக்கோலோடு வந்துவிடுவார்கள். போன கிறிஸ்துமஸுக்கு மூன்று ராஜாக்களில் ஒருவன் தலைப்பாகை கட்டத் தெரிந்த ஒரு முஸ்லிம் பையன், மற்ற இருவருக்கும் அவன்தான் கட்டிவிட்டான். மெட்ரிக்கிலும் இந்த விஷயத்தில் குறை ஒன்றும் கேள்விப்படவில்லை.

மெட்ரிக்கில் நிச்சயமாக மேலானது பயிற்சி. கராத்தே, கீபோர்டு, சதுரங்கம் எல்லாம் வாரா வாரம் ஆள் வந்து சொல்லித்தருகிறார்கள், பெரிய மைதானம் இருக்கிறது, சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான கப், புல்புல் அணி முறையாக நடக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒன்றில் தனித் திறமை தெரிகிறது என்றால், ஓட்டமோ பாட்டோ, நான் யோசிக்காமல் மெட்ரிக் என்றுதான் சொல்வேன். ஆர்.சி. பள்ளியில் பாட்டு டீச்சர் என்று தனியாக ஒருவர் இல்லை, கோயில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் நேரம் கிடைத்தால் வருவார். உதவிபெறும் பள்ளிகளும் இப்போது அரசின் கலைத் திருவிழாவில் போட்டியிடுகின்றன, ஆனால் அதற்குத் தயார் செய்வதும் அதே வகுப்பு டீச்சர்தான்.

அப்புறம், நான் சொன்ன நல்லது எல்லா ஆர்.சி. பள்ளிக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை பேர் என்று பார்த்துத்தான் அரசு ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறது. அந்தக் கணக்குப்படி தொடக்கப்பள்ளியில் 60 பேர் வரை 2 ஆசிரியர், 90 வரை 3. எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே போன பள்ளியில் இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பையும் சேர்த்து மேய்க்க வேண்டும், அங்கே விழாவாவது விளையாட்டாவது. இரண்டாவது, தலைமையாசிரியை. நம் பள்ளிகளில் உயிர் இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் ஒரு சிஸ்டர் கையில் இருக்கிறது, மே மாத மாற்றல் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டால் ஜூனில் வேறு பள்ளிக்கூடம் போலத்தான் இருக்கும். பங்குத்தந்தை மாறினாலும் அப்படியே, ஒருவருக்குப் பள்ளிதான் உயிர், அடுத்தவருக்குக் கோயில் கட்டடம். எங்களுக்கு இதுவரை நல்ல ஆட்கள் அமைந்தார்கள். மெட்ரிக்கில் ஆள் மாறினாலும் ஓட்டம் அவ்வளவாக மாறுவதில்லை.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போகும்போது எப்படி இருக்கும் என்பதை என்னால் இப்போது சொல்ல முடியாது, மகள் அடுத்த ஜூனில்தான் போகிறாள். மணி அடித்துக்கொண்டிருந்தவள் அங்கே போய்க் கடைசி வரிசையில் நிற்கும்போது சுருங்கிப்போவாளா, இல்லை கை தூக்குவாளா தெரியவில்லை. ஆங்கிலத்தில் முதல் ஒரு வருஷம் திணறுவாள் என்று எதிர்பார்க்கிறோம், அதற்காக மதினியே சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார்த்தி வாசிக்க வைக்கிறார்.

நேரில் பார்த்து முடிவு செய்ய நினைக்கிறவர்கள் விளக்கக் கூட்டத்துக்கோ ஆண்டுவிழாவுக்கோ போக வேண்டாம், அன்றைக்கு எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழிபாட்டு நேரத்தில் கேட் பக்கம் போய் நின்று, மைக்கை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அப்படியே ஆயாவிடம் மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். சேர்க்கைக்கு ஆர்.சி. பள்ளியில் ஜூன் வரைகூட இடம் இருக்கும். மெட்ரிக்கில் எல்.கே.ஜி. விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், அதனால் இரண்டையும் யோசிக்கிறவர்கள் முதலில் அங்கே ஒரு விண்ணப்பம் போட்டுவைத்துவிட்டு மெதுவாக முடிவெடுக்கலாம்.