வயிற்று ஊமைக்காயத்துக்குக் கையடக்க ஸ்கேன் கருவி: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

தோல் கிழியாமல் வயிற்றில் அடிபட்டு (ஊமைக்காயம்) வருபவரிடம் இந்தக் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவி நம்பகமாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: உள்ளே ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறதா, இல்லையா. மண்ணீரல் கன்றியிருக்கிறதா, கல்லீரல் உறைக்கடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்றெல்லாம் இதைக் கேட்கக் கூடாது. ரத்தம் தேடுவதற்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தரலாம். உறுப்பின் காயத்தைப் பார்ப்பதற்கு ஒன்று, அதுவும் தாராளம்.

வாங்கும்போது முதலில் ப்ரோபின் (உடலில் வைத்து நகர்த்தும் பகுதியின்) தலையைப் பாருங்கள். வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த தலை வேண்டும். ரத்தக்குழாய் தேட உதவும் 10 மெகாஹெர்ட்ஸ் நேர்த்தலை மட்டும் உள்ள மாடலில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே படம் மங்கிவிடும். எல்லா வேலையையும் ஒரே தலையில் செய்யும் சிப் வகை வசதிதான், ஆனால் தலை அகலமானால் ஒல்லியானவர்களின் விலா இடுக்கில் பதியாது. எலும்பின் நிழல் படத்தைக் குறுக்கே வெட்டும். ப்ரோபைத் திருப்பி விலாக்களுக்கு இணையாகச் சாய்த்தால் நிழல் விலகும். தொடர்ந்து ஓட்டினால் பல மாடல்கள் சூடேறித் தாமே நின்றுவிடும். வலப்பக்கம், இடப்பக்கம், அடிவயிறு, இதய உறை என நாலு இடம் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும் என்பதால் இது பெரிய குறையில்லை.

வலப்பக்கத்தில் தொடங்குங்கள். நடு அக்குள் கோட்டில் (அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு), 8 முதல் 11ஆம் விலா வரையிலான இடத்தில் வைத்தால் கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள மோரிசன் பை தெரியும். பலர் இதைப் பார்த்ததும் அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். கொஞ்சமாகக் கசிந்த ரத்தம் பெரும்பாலும் கல்லீரலின் கீழ்நுனியைச் சுற்றித்தான் நிற்கும். ப்ரோபைக் கால்பக்கமாக நகர்த்தி அந்த நுனி முழுசாகத் தெரிந்தால்தான் வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் இன்னும் மேலே, இன்னும் பின்னே. ப்ரோப் பிடித்த கையின் முட்டி படுக்கையில் இடிக்க வேண்டும். மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே பார்க்காமல் எடுத்த இடப்பக்கப் படம் அரைகுறைப் படம். அடிவயிற்றைச் சிறுநீர்க் குழாய் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பைக்குப் பின்னால் படம் வெளிறும், அந்த வெளிச்சத்தில் சிறிதளவு திரவம் மறைந்துவிடும். கெயினைக் (படத்தின் வெளிச்ச அளவை) குறைத்தால் தெரியும். கெயின் பட்டனை மெனுவுக்குள் மெனுவாக ஒளித்துவைத்த மாடல்கள் இங்கே சுத்த எரிச்சல். கடைசியாக, நெஞ்செலும்பின் கீழ்நுனிக்கடியில் வைத்து இதய உறை.

புது ரத்தம் கறுப்பாகத் தெரியும், உறைந்தது சாம்பல் நிறமாகி உறுப்போடு கலந்துவிடும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு, முன்பே இருந்த மகோதர நீர் (நோயால் வயிற்றில் கோத்த நீர்), பெண்களின் அடிவயிற்றில் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு திரவம் ஆகியவையும் ரத்தம் போல ஏமாற்றும்.

இனி கைவிடும் இடங்கள். சுமார் 200 மில்லிக்குக் குறைவான ரத்தம் பெரும்பாலும் தெரியாது. கணையம், முன்சிறுகுடல், சிறுநீரகம் எல்லாம் வயிற்றறைக்குப் பின்னால் இருப்பவை. அங்கே கசியும் ரத்தம் இந்த நாலு படத்திலும் வராமலே போகலாம். சைக்கிள் ஹேண்டில்பார் குத்திய குழந்தைக்குக் கணையமும் முன்சிறுகுடலும், வயிற்றின் குறுக்கே சீட் பெல்ட் தடம் பதிந்தவருக்குக் குடலும் குடல்தாங்கியும் அடிபட்டிருக்கலாம். ஸ்கேன் சுத்தம் என்று இவர்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்தக் கருவியால் வரக்கூடிய மோசமான தவறு. ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் நரம்பு வழி கான்ட்ராஸ்ட் (படத்தைத் தெளிவாக்கும் மருந்து) செலுத்திய சி.டி.தான் காயத்தின் தரத்தை, அதாவது எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லும். உதாரணமாக, மண்ணீரல் உறைக்கடி ரத்தக்கட்டு மேற்பரப்பில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் தரம், 50 சதவீதத்தைத் தாண்டினால் மூன்றாம் தரம். அழுத்தம் சரிந்துகொண்டே போகிறது, ஸ்கேனில் ரத்தமும் தெரிகிறது என்றால் சி.டி. அறைக்கு அலையக் கூடாது. நேரே அறுவை அரங்கு.

கருவி தன் விலையை ஈடுகட்டுவது அடுத்த கட்டத்தில். நிலையாக இருக்கும் மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகக் காயங்களில் பெரும்பாலானவை இன்று கத்தி வைக்காமலே ஆறுகின்றன: ஓய்வு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், வலிக்குப் பாராசிட்டமால். ரத்தத் தட்டுகளின் வேலையைக் கெடுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டவே வேண்டாம். துடிப்பு ஏறினாலோ வலி கூடினாலோ படுக்கையருகிலேயே மறுபடி ஸ்கேன் செய்து, முன்பு இல்லாத கறுப்புப் பட்டை வந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். அதனால் முதல் ஸ்கேனின் வீடியோக்களைச் சேமித்து வைக்கும் செயலி உள்ள மாடலையே வாங்குங்கள்.

கணையக் காயத்துக்கு இந்த ஒப்பீடும் உதவாது. ரத்தத்தில் பார்க்கும் அமைலேஸ் என்ற கணைய நொதி ஆரம்பத்தில் சரியாகவே இருக்கலாம், சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். முன்சிறுகுடல் சுவரில் ரத்தம் கட்டினால் ஒன்றிரண்டு நாள் கழித்துப் பச்சை வாந்தி தொடங்கலாம். மூக்கு வழிக் குழாயும் நரம்பு வழி ஊட்டமும் கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரையும்.

வீட்டுக்குப் போன பிறகும் மண்ணீரல் தாமதமாகக் கசியக்கூடும். இடது தோளில் காரணமில்லாத வலி, எழுந்தால் தலைசுற்றல், வியர்வை, வயிறு உப்புதல் என்று எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். மோதல் விளையாட்டுகளுக்கு எப்போது திரும்பலாம் என்பதைக் காயத்தின் தரத்தைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பல வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம்.