மின்கட்டணம் திடீரென்று ஏறினால்: பிளக்கில் செருகும் மின் அளவி பற்றிய மதிப்புரை

கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்ததற்கு மின்கட்டணம் ஏன் இவ்வளவு எகிறுகிறது என்று தமிழ்நாட்டில் பலரும் திகைக்கிறார்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் நம் வீட்டுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதுதான் அதற்குக் காரணம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் ஆனால் 2,030 ரூபாய். 500-ஐத் தாண்டியதுமே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த 2.25 ரூபாய் என்ற சலுகை விலை பறிபோய் 4.50 ஆகிவிடுவதாலும், 500-க்கு மேற்பட்ட அந்தப் பத்து யூனிட்டும் தலா 8 ரூபாயாவதாலும், வெறும் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடிவிட்டது. 2024 ஜூலையில் இந்த விகிதங்களும் உயர்ந்தன. ஆகவே எல்லைக்கு அருகில் இருக்கும் குடும்பம் மின்சாரச் செலவைப் பாதியாக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டவைக்கும் அந்தச் சில யூனிட்டுகள் எதில் போகின்றன என்று தெரிந்துகொண்டால் போதும்.

அதைக் கண்டறியத்தான் இந்தச் சிறு கருவியை வாங்கினேன். சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்டில் இதைச் செருகி, இதன்மேல் வீட்டுச் சாதனத்தின் பிளக்கைச் செருக வேண்டும். அந்த நொடியில் இழுக்கும் வாட், இதுவரை ஓடிய யூனிட், ஓடிய நேரம் ஆகியவை திரையில் தெரியும். பொத்தான்களில் எழுத்து மிகச் சிறியது. கண்ணாடி போடாத முதியவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள். மற்றபடி பழகுவதற்குக் கடினமில்லை.

இதன் அருமை ஃபிரிட்ஜில்தான் தெரிந்தது. கம்ப்ரசர் ஓடும்போது 120 வாட்டை ஒட்டியும், நின்றதும் இரண்டு மூன்று வாட்டாகவும் அளவு மாறிக்கொண்டே இருப்பதால், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. முழுதாக ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். எங்கள் பழைய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் தின்றது. கதவின் ரப்பர் பட்டையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தபோது, மேலே இறுக்கமாக நின்ற தாள் கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பட்டையை மாற்றிய பிறகு செலவு ஒன்றரை யூனிட்டுக்கு இறங்கியது. நாளொன்றுக்கு அரை யூனிட் என்பது இரண்டு மாதத்தில் முப்பது யூனிட். எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இது சிறிய எண் அல்ல. தொலைக்காட்சியின் செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. சுவர் சுவிட்சை அணைக்காவிட்டால், பார்க்காத நேரத்தையும் சேர்த்து அது இரண்டு மாதத்தில் பதினான்கு யூனிட்டைத் தாண்டும்.

வாங்குபவர்கள் ஆம்பியர் அளவை அவசியம் கவனிக்க வேண்டும். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் கருவியில் அடாப்டர் வைத்து அதை மாட்டினால் உருகித் தீப்பிடிக்கக்கூடும். கொஞ்சம் விலை கூடினாலும் 16 ஆம்பியர் கருவியையே வாங்குங்கள். இன்னொன்று, நான் வாங்கியதில் மின்தடை வந்தால் அதுவரை சேர்ந்த கணக்கு அழிந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்க அளக்கவேண்டிய கருவிக்கு இது பெரிய குறை என்பதால், கணக்கை நினைவில் வைத்திருக்கும் வகையா என்று கடையில் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மின்விசிறி, குழல்விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்ற, நேரடியாக வயரில் இணைத்த சாதனங்களை இதனால் அளக்க முடியாது. விசிறியைக் கணக்குப் போட்டே அறியலாம்: 75 வாட் சாதாரண விசிறி தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் கொண்ட 30 வாட் விசிறிக்கு 29 யூனிட்தான் ஆகும்.

கருவி எதுவுமே இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. இன்வெர்ட்டர் உட்பட வீட்டிலுள்ள அனைத்தையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் அணைக்காமல், மின்வாரிய மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைச் சில நிமிடம் பாருங்கள். எங்கள் மீட்டரில் அது 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். எல்லாம் அணைந்திருக்கும்போதும் சிமிட்டினால் எங்கோ மின்கசிவு இருக்கலாம், அல்லது மாடிப்படி விளக்கோ பொது மோட்டாரோ உங்கள் இணைப்பில் சேர்ந்திருக்கலாம். உடனே எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுங்கள். வீட்டில் எந்தக் கோளாறும் இல்லாமல் மீட்டர்மீதே சந்தேகம் எழுந்தால், அதைச் சோதித்துத் தரும்படி கட்டணம் செலுத்தி மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் ஒரு வாரமாவது தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் ரீடிங்கைக் குறித்துவைத்து, அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோவது நல்லது.