பட்டியலா, இடைச்சொல்லா, சூழலா: ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களைப் புரிந்துகொள்ள மூன்று வழிகள்

எளிய வினையோடு அப், ஆஃப், அவுட் போன்ற இடைச்சொல் சேர்ந்து முற்றிலும் வேறு பொருள் தருவதே ஃப்ரேசல் வெர்ப். இது அயல்மொழியாருக்குப் பெருந்தொல்லை என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். பேசும்போது இத்தொல்லையைத் தவிர்த்துவிடலாம். புட் ஆஃப் என்பதற்குப் பதிலாகப் போஸ்ட்போன் என்றால் போதும். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதற்கு எந்த வழி உதவும் என்பதை மட்டுமே இங்கு ஒப்பிடுகிறேன்.

வினைவாரியான பட்டியலே பலரும் முதலில் கையில் எடுப்பது. கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே என ஒரே வினையின் கூட்டுகளை அடுக்கி மனப்பாடம் செய்தால், உருவம் ஒத்தவை ஒன்றோடொன்று கலந்து, எதன் பொருள் எது என்ற குழப்பமே மிஞ்சும். தேடிப் பார்க்க இது நல்ல அடுக்கு, கற்க அன்று.

இடைச்சொல்லை மையமாகக் கொள்ளும் வழி இதைவிட அறிவார்ந்தது. ஈட் அப், யூஸ் அப் ஆகியவற்றில் அப் என்பது மேல்நோக்கிய திசையைக் குறிக்காமல், செயல் முழுமையாக முடிந்ததைக் குறிக்கிறது. தமிழர்க்கு இது புதிதன்று: ‘தின்று தீர்த்தான்’, ‘எழுதித் தள்ளினான்’ என்னும்போது நாமும் துணைவினையைக் கொண்டு இத்தகைய சாயலைத்தான் ஏற்றுகிறோம். ஆனால் எதிர்பாராமல் வந்து சேர்வதைக் குறிக்கும் டர்ன் அப், பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் புட் அப் வித் ஆகியவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்துவதில்லை. பொருள் தெரிந்தபின் நினைவில் நிறுத்த உதவும் இவ்வழியை, தெரியாத பொருளை ஊகிக்கும் கருவியாக நம்புவது ஆபத்து.

சூழலில் கேட்டுக் கற்பதே என் தேர்வு. எனினும் அதை மட்டுமே நம்பச் சொல்லமாட்டேன். கூட்டத்தைப் புட் ஆஃப் செய்தார்கள் என்றால் தள்ளிவைத்தார்கள் என்று பொருள். ஒரு வாடை என்னைப் புட் ஆஃப் செய்தது என்றால் வெறுப்பேற்றியது என்று பொருள். இவ்வேறுபாட்டைப் பட்டியலைவிடச் சூழல் தெளிவாகக் காட்டுகிறது. சில் அவுட் (பதறாமல் இரு) நண்பரிடம் சொல்வது, கேரி அவுட் (செய்து முடித்தல்) ஆய்வறிக்கையிலும் இடம்பெறுவது என்ற நடை வேறுபாடும் அப்படித்தான் பிடிபடுகிறது. குறை என்னவென்றால், தேவையானது எப்போது எதிர்ப்படும் என்பது நம் கையில் இல்லை.

அக்குறையை, வழக்கில் அதிகம் வருபவற்றை மட்டும் தொகுத்த சிறியதொரு பட்டியல் ஈடுசெய்யும். மொழி ஆய்வாளர்களான கார்னியரும் ஷ்மிட்டும் 2015-இல் வெளியிட்ட பட்டியலில் 150 ஃப்ரேசல் வெர்ப்களுக்கு அதிகம் வழங்கும் 288 பொருள்களே உள்ளன. அதாவது ஒன்றுக்குச் சராசரியாக இரண்டுகூட இல்லை. ஆயிரக்கணக்கில் அடுக்கும் தடித்த தொகுப்புகளைக் கண்டு மலைப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒலி பற்றியும் ஒரு சொல். ஃபிகர் இட் அவுட் (அதை யோசித்துக் கண்டறி) என்பதில் நடுவே இட் நுழைந்து, மூன்றும் ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்தில் நன்கு அறிந்தவரும் காதில் தவறவிடுவது இங்கேதான். இத்தகைய பிரியும் கூட்டுகளில் அழுத்தம் பெரும்பாலும் இறுதி இடைச்சொல்லின்மேல் விழுவதால், வினையை விட்டுவிட்டாலும் அவுட், ஆஃப் என்று ஓங்கி ஒலிக்கும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தது எது என்று பின்னோக்கி ஊகிக்க முடியும்.