பாலத்துக்கு இந்தப் பக்கம் 14 நாள், அந்தப் பக்கம் 45 நாள்: கட்டுமானப் பாக்கிக்கு எந்த ஊர் அட்ஜுடிகேஷன் மேல்?

சுவர் பூச்சு வேலை எடுத்துச் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சிங்கப்பூரிலும் வேலை எடுப்பார், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூரிலும் எடுப்பார். இரண்டு பக்கமும் அவருக்குக் கிளைம், அதாவது செய்த வேலைக்குப் பணம் கேட்கும் கணக்கு, போட்டுக் கொடுப்பது நான். "அதே மணல், அதே சிமெண்ட், அதே ஆளுங்க. ஆனா காசு நின்னுச்சுன்னா அங்க ஒரு சட்டம், இங்க ஒரு சட்டம். எது தம்பி நமக்கு நல்லது?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

அட்ஜுடிகேஷன் என்பது கோர்ட்டும் இல்லை, தனி நடுவர் முன் முழு விசாரணை நடக்கும் ஆர்பிட்ரேஷனும் இல்லை. அட்ஜுடிகேட்டர் என்று ஒருவர் காகிதங்களைப் பார்த்துச் சில வாரங்களில் இவ்வளவு கொடு என்று சொல்வார். பணத்தை முதலில் கட்ட வேண்டும். தப்பு என்று நினைத்தால் அப்புறம் ஆர்பிட்ரேஷனிலோ கோர்ட்டிலோ முழுதாக மோதிக்கொள்ளலாம். இங்கிலாந்து 1996 சட்டத்தில் இதற்கு 28 நாள் கெடு வைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1999இல் வேறொரு வடிவம் கொடுத்தது. சிங்கப்பூர் அந்த ஆஸ்திரேலிய வடிவத்தை எடுத்துக்கொண்டது. 2005 ஏப்ரல் 1 முதல் அங்கே எஸ்ஓபி (Security of Payment) சட்டம் நடப்பில் இருக்கிறது. மலேசியாவில் இதே வேலையைச் செய்யும் சிபா (CIPAA) சட்டம் 2012இல் நிறைவேறி, 2014 ஏப்ரல் 15இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். மேலே இருந்து காசு வந்தால்தான் உனக்குத் தருவேன் என்ற ஷரத்து இரண்டிலும் செல்லாது. ஒற்றுமை பெரும்பாலும் இவ்வளவுதான்.

நமக்கு வேலை பிரித்துக் கொடுத்த மெயின் கான்ட்ராக்டர் வாயே திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? வேறுபாடு இங்கேதான் பளிச்சென்று தெரியும். சிங்கப்பூரில் பேமென்ட் கிளைம் கொடுத்தால், ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் அவர் பேமென்ட் ரெஸ்பான்ஸ், அதாவது எவ்வளவு கொடுப்பேன், மீதியை ஏன் மறுக்கிறேன் என்ற எழுத்துப் பதில், கொடுக்க வேண்டும். அந்த நாள் 21ஐத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையென்றால் 14 நாள். ரெஸ்பான்ஸில் எழுதாத காரணத்தை அட்ஜுடிகேட்டர் பின்னால் காதில் வாங்க மாட்டார். பூச்சு வெடிப்பு விட்டது, மட்டம் சரியில்லை, ஆள் குறைவு என்று எதையும் அப்புறம் கொண்டுவர முடியாது. டபிள்யூ ஒய் ஸ்டீல், ஓஸ்கோ வழக்கில் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. கிளைமிலேயே கண்ணுக்குத் தெரிகிற பிழை இருந்தாலோ, ரெஸ்பான்ஸ் நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்க முடியாத காரணமாக இருந்தாலோ மட்டும் அட்ஜுடிகேட்டர் கவனிப்பார்.

மலேசியாவில் ரெஸ்பான்ஸுக்கு 10 வேலை நாள். கொடுக்காமல் விட்டால்? முழுத் தொகையையும் மறுத்ததாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. சும்மா இருந்ததற்குத் தண்டனை இல்லை. 2017இல் வியூ எஸ்டீம், பினா பூரி வழக்கில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமான ஃபெடரல் கோர்ட் இன்னும் ஒரு படி போனது. ரெஸ்பான்ஸில் சொல்லாத வாதத்தையும் பிறகு வைக்கலாம், அட்ஜுடிகேட்டர் அதைக் கேட்காமல் தள்ளக் கூடாது என்றது. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய சப் கான்ட்ராக்டருக்கு இந்த நியாயத்தால் என்ன லாபம்? பணம் கொடுக்க வேண்டியவரை ஒழுங்காகப் பதில் எழுத வைப்பது சிங்கப்பூர்ச் சட்டம்தான். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு அதற்கே.

அந்தக் கத்தி நம் பக்கமும் வெட்டும். ரெஸ்பான்ஸ் வர வேண்டிய கெடு முடிந்த பிறகு பேசித் தீர்க்க 7 நாள். அதுவும் முடிந்தால் விண்ணப்பிக்க இன்னொரு 7 நாள். அதற்குள் சிங்கப்பூர் மத்தியஸ்த நிலையத்தில் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். எட்டாம் நாள் போனால் அட்ஜுடிகேட்டர் தள்ளித்தான் ஆக வேண்டும். அண்ணன் ஒருமுறை இதில் மாட்டினார். மெயின் கான்ட்ராக்டரின் மேனேஜர் வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் உட்கார்ந்து பேசிக்கலாம்ணே, எதுக்குக் கேஸு கீஸுன்னு" என்று அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் வந்தது, போனது, ஏழு நாளும் போனது. பணம் மொத்தமாகப் போய்விடவில்லை. அதே தொகையை அடுத்த கிளைமில் சேர்த்து முதலிலிருந்து எண்ணினோம். ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். மலேசியாவில் இப்படி ஏழு நாள் பொறி கிடையாது. பேசிப் பார்த்துவிட்டு, ஆறப்போட்டுவிட்டுக்கூட அட்ஜுடிகேஷன் நோட்டீஸ் கொடுக்கலாம்.

நாளை எண்ணுவதே வேறு. சிங்கப்பூரில் பொது விடுமுறை தவிர எல்லா நாளும் நாள்தான், ஞாயிறு உட்பட. தீபாவளி கணக்கில் வராது. ஆனால் தைப்பூசம் அங்கே பொது விடுமுறை இல்லை. காவடியோடு நடந்துகொண்டிருந்தாலும் கெடு ஓடும். மலேசியாவில் வேலை நாள் கணக்கு. அதுவும் சைட் இருக்கும் மாநிலத்தின் விடுமுறைப்படி. ஜொகூரில் தைப்பூசத்தைக் கழிக்க வேண்டும். சரவாக்கில் சைட் என்றால் தீபாவளியும் வேலை நாள். இன்னொரு சிக்கல், ஜொகூரில் 2024 வரை வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 முதல் சனி, ஞாயிறு. பழைய ஃபைலை நகலெடுத்துத் தேதி போடுகிறவர்கள் ஜாக்கிரதை.

மொத்தமாகக் கூட்டினால், சிங்கப்பூரில் ரெஸ்பான்ஸுக்கு 21 நாளும் எடுத்துக்கொண்டால்கூடக் கிளைம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு மாதத்தில் முடிவு வரும். அதில் அட்ஜுடிகேட்டர் எடுத்துக்கொள்வது 14 நாள், எதிர்த்தரப்பு எதுவுமே தாக்கல் செய்யாவிட்டால் 7. மலேசியாவில் ரெஸ்பான்ஸுக்கு 10, அட்ஜுடிகேட்டரை இரு தரப்பும் ஒத்துக்கொள்ள 10, அவர் முன் வைக்கும் அட்ஜுடிகேஷன் கிளைமுக்கு 10, அதன் பதிலுக்கு 10, மறுபதிலுக்கு 5, முடிவுக்கு 45. ஆக 90 வேலை நாள், அதாவது 18 வாரம். ஆள் யாரென்று ஒத்துவராவிட்டால் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக ஆர்பிட்ரேஷன் மையம் நியமிக்கும். அதற்கும் சில நாள் போகும். இரு தரப்பும் சேர்ந்து நீட்டிக்காமல் அந்த 45 தாண்டிவிட்டால் முடிவே செல்லாது.

மலேசியா பக்கம் பேசவும் விஷயம் இருக்கிறது. வேலை முடிந்தபின் போடும் ஃபைனல் அக்கவுண்ட், நாலு பெட்டி ஃபைல், எதிர்த்தரப்பில் பழுதுக் கணக்கு என்று வந்தால் 14 நாளில் ஒரு மனிதர் என்ன படிப்பார்? 45 வேலை நாள் அங்கே வீண் இல்லை. போதாததற்கு, 2019 டிசம்பர் 15இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் நஷ்டக் கணக்கை அட்ஜுடிகேஷனுக்குக் கொண்டுபோவது கடினம். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகையோ சான்றிதழோ கையில் இருக்க வேண்டும். மாதாந்திர புரோக்ரஸ் கிளைமுக்குச் சிங்கப்பூர், சிக்கெடுக்க வேண்டிய கணக்குக்கு மலேசியா என்று நான் பிரிப்பது இதனால்தான்.

செலவிலும் மலேசியா மேல். ஜெயித்தால் வக்கீல் செலவு உட்பட எதிர்த்தரப்பிடம் வாங்கலாம். சிங்கப்பூரில் அட்ஜுடிகேட்டர் கட்டணத்தை யார் கொடுப்பது என்று அவரே பிரித்துச் சொல்வார். வக்கீல், கன்சல்டன்ட் செலவு அவரவர் தலையில். சின்னத் தொகைக்கு இது கடிக்கும்.

முடிவு கைக்கு வந்த பிறகு? சிங்கப்பூரில் அதை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போகிறவர் பாக்கித் தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். மலேசியச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. நிறுத்தி வைக்கக் கேட்டால் கோர்ட் பார்த்துச் செய்யும். அதே வியூ எஸ்டீம் தீர்ப்பு அந்தக் கதவையும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது.

ஆனால் மலேசியச் சட்டத்தின் 30ஆம் பிரிவு ஒன்று போதும் என்று சில நேரம் தோன்றும். மெயின் கான்ட்ராக்டர் தோற்றும் கொடுக்கவில்லை என்றால், அவருக்கு மேலே இருக்கும் கட்டட முதலாளியிடம் நேராக எழுதிக் கேட்கலாம். முதலாளி 10 வேலை நாளுக்குள் பணம் கட்டிய ஆதாரத்தைக் காட்டச் சொல்வார். காட்டாவிட்டால் நமக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சிங்கப்பூரிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு, ஆனால் அங்கே முதலாளி விரும்பினால் கொடுக்கலாம், அவ்வளவுதான். மலேசியாவில் ஒரே நிபந்தனை, மெயின் கான்ட்ராக்டருக்கு முதலாளி தர வேண்டிய காசு இன்னும் மிச்சம் இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு ஜொகூரில் இப்போது ஒரு பாக்கி நிற்கிறது. கிளைம் தயார். அதைக் கொடுக்கும் முன் அந்த முதலாளி கையில் ரிட்டென்ஷன், அதாவது மெயின் கான்ட்ராக்டருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த தொகை, எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன்.