பிளான்ஷெட்: நியமனத்துக்குக் காத்திருந்த பெட்டை

முதலில் புத்தகத்தைச் சொல்லிவிடுகிறேன், காசு கொடுத்தது அதற்குத்தானே. யூஜேன் பிரியோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 'பிளான்ஷெட்' என்ற நாடகம். 1913இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை ஸ்கான் செய்து அப்படியே அச்சடித்து விற்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர ஒன்றரை மாதம், புத்தக விலையைவிடத் தபால் செலவு கூட. சில பக்கங்கள் சரிந்து கிடக்கின்றன, ஓரிடத்தில் வரிகளின் கடைசிச் சொற்களே வெட்டுப்பட்டுவிட்டன. இந்தப் பதிப்பை வாங்காதீர்கள். காப்புரிமை முடிந்த புத்தகம், இணையத்தில் எடுத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் ஸ்பைரல் போட்டால் இதைவிட வடிவாக இருக்கும்.

நாடகத்துக்கு வருவோம். கிராமத்தில் சின்னதாக ஒரு குடிக்கடை வைத்திருக்கிறார் ரூசே. அவருடைய மகள் எலிஸ், செல்லப்பெயர் பிளான்ஷெட். கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார்கள், ஆசிரியர் சான்றிதழும் எடுத்துவிடுகிறாள். அரசாங்க நியமனம் மட்டும் வரவில்லை, ஏனென்றால் அவளுக்கு முன்னால் பெயர் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். பிரான்சில் 1881, 82இல் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டங்கள் வந்து பத்து வருடத்தில் எழுதப்பட்ட நாடகம் இது. பள்ளிக்கூடம் எல்லோரையும் கூப்பிட்டது, வேலை எல்லோருக்கும் இருக்கவில்லை.

இதை வாசிக்கும்போது எனக்கு 2017இல் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் வேலை கேட்டுப் பந்தல் போட்டு இருந்த பட்டதாரிகள்தான் ஞாபகம் வந்தார்கள். நானும் பட்டம் முடித்துவிட்டு அப்பாவின் தேத்தண்ணிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள்தான். முதல் வருடம் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் 'மகள் பட்டதாரி' என்பார், மூன்றாம் வருடம் 'அந்தக் கிளாசுகளைக் கழுவி வை பிள்ளை' என்றார், அதே குரலில்தான் சொன்னார், எனக்குத்தான் வேறு மாதிரிக் கேட்டது. ரூசேயும் அப்படித்தான். வில்லன் இல்லை அந்த மனிதன். படிப்புக்குக் கொட்டிய காசு திரும்பி வருகிற வழியைக் காணவில்லை, அவ்வளவுதான். மகளின் பேச்சைக் கேட்டு இரசாயனப் பசளை போட்டுப் பயிர் எரிந்துபோகிறபோது அவர் போடுகிற சத்தத்தை இணுவில் வெங்காயத் தோட்டக்காரர் எவரும் விளங்கிக்கொள்வார். அப்புறம் கடைக்கு வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடு என்று கட்டளை, அவள் மாட்டேன் என்கிறாள், வீட்டை விட்டுப் போகிறாள். இரண்டாம் அங்கத்தின் இந்தப் பகுதிக்காகவே வாசிக்கலாம். நடுவில் கிடந்து அல்லாடுகிற தாய்க்குத்தான் இன்னும் கொஞ்சம் வசனம் கொடுத்திருக்கலாம்.

மூன்றாம் அங்கம் சொதப்பல். போனவள் பட்டினி கிடந்து திரும்பி வர, தகப்பன் இளக, ஊர் வண்டில் செய்கிறவரின் மகனோடு கலியாணம், சுபம். பிரியோ முதலில் எழுதிய முடிவு இவ்வளவு இனிப்பானதல்ல, பிறகுதான் மாற்றினாராம். மாற்றாமல் விட்டிருக்கலாம்.

இதை 1892இல் பாரிசில் மேடையேற்றியவர் ஆந்த்ரே அந்துவான். எரிவாயுக் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்துகொண்டே 1887இல் சுதந்திர நாடக அரங்கைத் தொடங்கியவர். வீடு என்றால் மேடையில் உண்மையான வீடாகத் தெரியவேண்டும், நடிகர் தேவைப்பட்டால் சபைக்கு முதுகைக் காட்டலாம் என்பது அவருடைய கொள்கை. வேறொரு நாடகத்தின் கசாப்புக் கடைக் காட்சிக்கு நிஜ இறைச்சியையே தொங்கவிட்ட ஆள். பிளான்ஷெட்டின் தகப்பன் வேடத்தில் அவரே நடித்தார். பின்னாளில் பிரியோ பிரெஞ்சு அக்கடமிவரை போனார், பெர்னாட் ஷா அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார், இன்றைக்குப் பாரிசின் லாச்சப்பலில் இருக்கிற என் மச்சானின் பிள்ளைகள், அங்கேயே பிறந்து படித்ததுகள், பெயரையே கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள்.

யாராவது தமிழில் போடுங்கள். பெரிய செலவில்லை, ஒரு கடை மேசை, நாலு கதிரை, சுவரில் பட்டமளிப்புப் படம் போதும். மூன்றாம் அங்கத்தை மட்டும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

வாசித்து முடித்த அன்று இரவு அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். பயிர் எரிந்தது, சண்டை, கலியாணம் எல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் 'அது சரி, அந்தப் பிள்ளைக்கு நியமனம் கிடைச்சதோ?' என்றார்.